மேரியன் தீவில் ஒரு வருஷம்: கோவில் வரிசையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் கடல் உயிரியல் படித்தவள். 2021 ஏப்ரலில் கப்பலேறி 2022 மே மாதம்வரை தென்னாப்பிரிக்காவின் மேரியன் தீவில் சீல்களை (கடலில் வாழ்ந்து கரையேறிக் குட்டி போடும் பாலூட்டிகள்) எண்ணும் வேலை பார்த்தேன். வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸில். அம்மா தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர், அதனால் தமிழ் எனக்கு வீட்டுப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன்.

திரும்பி வந்த நாளிலிருந்து கல்யாண வீடு, கருமாதி வீடு, பிரசாத வரிசை என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். ஒரே பதிலை நூறு தடவை சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, பதிலை ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டேன். இனி யாராவது கேட்டால் இதைத்தான் அனுப்பப் போகிறேன்.

நீ அண்டார்டிகாவுக்குத்தானே போனே? ஏன் இல்லைங்கிறே?

இல்லை, ஆயா. மேரியன் தீவு ஆப்பிரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவழியில் இருக்கிறது. கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர், தெற்கு அட்சரேகை 47 டிகிரிக்குக் கிட்டே. பரப்பு 290 சதுர கிலோமீட்டர். பக்கத்திலேயே பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு சின்னத் தீவு. இரண்டையும் 1947 டிசம்பரிலும் 1948 ஜனவரியிலும் தென்னாப்பிரிக்கா தன்னுடையதாக்கிக்கொண்டது. அன்றிலிருந்து மேரியனில் வானிலை நிலையம் இருக்கிறது. அண்டார்டிகாவிலேயே நம் நாட்டுக்கு வேறொரு நிலையம் உண்டு, பெயர் சானே. அங்கே நான் போனதில்லை.

துருவக் குளிர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆண்டுச் சராசரி 6 டிகிரிதான். குளிர்காலத்தில் பனி விழும், கோடையிலும் திடீரென்று விழும், ஆனால் கடற்கரையில் அது நிலைத்து நிற்காது. ஆளைப் படுத்துவது ஈரமும் காற்றும்தான். மழை நேராக விழாது, பக்கவாட்டில் வரும். மரம் ஒன்றுகூடக் கிடையாது. நிலமெல்லாம் எரிமலைக் கல், பாசி, முழங்கால்வரை இழுக்கும் சேறு. ஆம், எரிமலைதான். 1980-ல்கூட ஒரு தடவை குழம்பு கக்கியது.

பிளேன்ல போக முடியாதா? கப்பல்ல எத்தனை நாள்?

ஓடுபாதை இல்லை, துறைமுகமும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் வாக்கில், கேப் டவுனிலிருந்து எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 கப்பல் போகும். அண்டார்டிகா பயணத்தில் 1915-ல் மூழ்கிய ஷாக்கல்டனின் என்டியூரன்ஸ் கப்பலை 2022-ல் கடலடியில் கண்டுபிடித்தார்களே, அந்தப் பயணத்துக்குப் போனதும் இதே கப்பல்தான். நான்கைந்து நாள் பயணம். இரண்டாம் நாளிலிருந்து நான் படுக்கையில், பக்கத்தில் ஒரு வாளி. தீவுக்கு எதிரே கப்பல் நின்றதும் ஆளையும் சாமானையும் ஹெலிகாப்டர்தான் இறக்கும். பழைய குழு ஏறும், புதுக் குழு தங்கும்.

இறங்குவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. தீவுக்குள் வெளி விதை ஒன்றுகூடப் போகக் கூடாது. பூட்ஸைத் தேய்த்துக் கழுவ வேண்டும், சட்டைப் பையை உள்வெளியாகத் திருப்ப வேண்டும், ஒட்டுப்பட்டையில் சிக்கிய புல் விதையைச் சாமணத்தால் பிடுங்க வேண்டும். என் பையின் தையலிடுக்கில் இரண்டு எள் கிடைத்தது. சனிக்கிழமை எள் விளக்குக்கு எடுத்துப்போன பை! எள் அங்கே முளைக்குமா என்று நான் சிரித்தேன், சோதித்தவர் சிரிக்கவில்லை. இப்படி அசட்டையாக வந்த ஒரு சின்னச் செடி அங்கே கட்டுக்கடங்காமல் பரவியிருப்பதைப் பிறகு கண்ணால் பார்த்தேன்.

ஆறு மாசம் ராத்திரி, ஆறு மாசம் பகலா டீச்சர்?

அது துருவத்தில். மேரியனில் நடு ஜூனில்கூட எட்டரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். சூரியன் இருக்கும் என்று சொல்லவில்லை, வெளிச்சம் இருக்கும். மேகம் விலகுவது அபூர்வம்.

அங்க என்னதான் வேலை? பெங்குயினைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதா?

உட்கார்வதே கிடையாது, மாமி. நடப்பதுதான் வேலை. நான் இருந்தது சீல் குழுவில். யானை சீல்கள் குட்டி போடும் காலத்தில் ஏழு நாளுக்கு ஒரு தடவை, மற்ற நாட்களில் பத்து நாளுக்கு ஒரு தடவை, கணக்கில் இருக்கும் கடற்கரைகள் ஒவ்வொன்றுக்கும் போய் அங்கே கிடக்கும் சீல்களை எண்ண வேண்டும். ஒவ்வொன்றின் பின் துடுப்பிலும் பிளாஸ்டிக் டேக் இருக்கும், ஆட்டுக் காதில் போடுவது மாதிரி. அதிலுள்ள எண்ணைப் படிக்க வேண்டும். 1983-லிருந்து இந்த வேலை விடாமல் நடக்கிறது. அந்தத் தீவில் பிறக்கும் குட்டிகளுக்குப் பால் மறந்ததும் டேக் போட்டுவிடுவோம். ஒரு பெண் சீல் எந்த வருஷம் பிறந்தாள், எத்தனை வயதில் முதல் குட்டி போட்டாள், எந்த வருஷம் வராமல் போனாள் என்று முழு ஜாதகமே நம்மிடம் இருக்கிறது.

எண் படிப்பது கேட்க லேசாக இருக்கும். தோல் உரிக்கும் காலத்தில் இருபது முப்பது சீல்கள் ஒரு சேற்றுக்குழியில் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். பழைய தோல் முடியோடு சேர்ந்து பட்டை பட்டையாகக் கழன்று தொங்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். நமக்கு வேண்டிய துடுப்பு அடியில் இருக்கும். மழை கண்ணாடியில் வழியும், விரல் விறைத்திருக்கும். அது ஒரு தடவை புரண்டு துடுப்பைச் சொறியும்வரை காத்திருந்து, எண்ணைப் படித்து, நனையாத தாளில் பென்சிலால் எழுதி, அப்புறம் அடுத்தது. ஒரு நாள் ஒற்றை எண்ணுக்காக ஒரு மணி நேரம் குந்தியிருந்தேன். கடைசியில் அது தும்மியது, என் முகமெல்லாம் சளி. எண் தெரியவே இல்லை.

எதற்கு இந்தப் பாடு? 1950களின் தொடக்கத்திலிருந்து 1990களின் நடுப்பகுதிக்குள் அந்தத் தீவின் யானை சீல்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோயின. பிறகு சரிவு நின்று மெதுவாக ஏறத் தொடங்கின. ஒவ்வொன்றாக எண்ணியிராவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. தோல் உரித்து முடித்த சில சீல்களின் தலையில் ஒரு சின்னக் கருவியைப் பசை வைத்து ஒட்டுவதும் உண்டு. அது முங்கும் ஆழத்தையும் கடலின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும். யானை சீலால் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே முங்க முடியும். குளிர்காலத்தில் கப்பல் போகாத தெற்குக் கடலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் நல்ல பங்கு இப்படிச் சீல் தலையிலிருந்து வந்ததுதான். அடுத்த வருஷம் தோலோடு கருவியும் உதிர்ந்துவிடும்.

அது உன்னைக் கடிக்கலையா? யானை சைஸ்னு சொல்றே.

ஆண் மூன்று டன்னுக்கு மேல் வரும். மூக்கு தும்பிக்கை மாதிரி தொங்குவதால் அந்தப் பெயர். பாறை என்று நினைத்து அருகில் போனால் பாறை கண்ணைத் திறக்கும். ஆனால் அதற்கு நம்மேல் அக்கறை கிடையாது, அடுத்த ஆணோடு சண்டை போடுவதில்தான் கவனம். குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

பயப்பட வேண்டியது ரோம சீலுக்கு. உருவம் சின்னது, கோபம் பெரியது, நாய் மாதிரி ஓடிவரும். கோடையில் ஆண்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது கையில் கழி இல்லாமல் அந்தப் பக்கம் போக மாட்டோம். கடித்தால் காயத்தைவிட அதில் ஏறும் கிருமி மோசம். விரல் வீங்கி மூட்டு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பெயரே சீல் விரல். சாதாரணமாகக் கொடுக்கும் பெனிசிலின் கேட்காது, டெட்ராசைக்ளின் வேண்டும். என் ரப்பர் கம்பூட்டில் இரண்டு பல் ஓட்டை. கால் தப்பியது.

சாப்பாடு? அங்க கறி கிடைக்குமா? புரட்டாசி எப்படிச் சமாளிச்சே?

சமையல்காரர் கிடையாது. இருபது பேர் சொச்சம், முறை வைத்துச் சமையலும் சுத்தம் செய்வதும். அன்றைய முறைக்காரருக்கு ஸ்கிவி என்று பெயர். கப்பலில் வந்த காய்கறி சில வாரத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் வருஷம் முழுக்க உறைந்ததும் டின்னும் மாவும் பருப்பும்தான். மசாலா மட்டும் நான் டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் வறுத்து அரைத்து வாங்கியதை எடுத்துப்போனேன். கடுகு, மல்லி எல்லாம் பொடியாகவே. மேலே எள் கதையைப் படித்தீர்களே, முழு விதைக்காக யாரிடமும் போய் நிற்கத் தெம்பில்லை. கடுகு தாளிக்காத ஒரு வருஷச் சமையல்!

என் முறையன்று சுகர் பீன்ஸ் கறியும் ரொட்டியும். ஒரு நாள் ரொட்டி மாவைப் பெரிய பிரெட்டாகச் சுட்டு, குடைந்து, உள்ளே கறி நிரப்பி, பன்னி சௌ போட்டேன். அன்றிலிருந்து குழுவில் என் மதிப்பே வேறு. புரட்டாசி விரதம் இருந்தேன், தடங்கல் ஒன்றும் இல்லை. ஆனால் அதே மாதத்தில்தான் யானை சீல் குட்டி போடத் தொடங்கும். நாள் முழுக்க ரத்தமும் நஞ்சுக்கொடியும் அதைப் பிடுங்கித் தின்னும் ஸ்கூவாப் பறவைகளும். சாயந்திரம் வந்து பருப்புச் சோறு. விரதம் கணக்கில் வருமா என்று அம்மாவிடம் கேட்டேன். “நீ தின்னலையே” என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி எங்க படுப்பீங்க? கூடாரமா?

கிழக்குக் கரையில் நல்ல கட்டிடம் இருக்கிறது, 2011-ல் திறந்தது. ஹீட்டர், வெந்நீர், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் உண்டு. ஆனால் சீல் குழு மாதத்தில் பாதி நாள் அங்கே இருக்காது. தீவைச் சுற்றிச் சின்னச் சின்னக் குடில்கள் இருக்கின்றன: நாலைந்து படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, கதவைத் திறந்தால் காற்று. ஒரு குடில் இருக்கும் இடத்துக்கு மிக்ஸ்ட் பிக்கிள் என்று பெயர். “ஊறுகாய்ல இருக்கேன்” என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பினால் ஆயாவுக்கு அத்தனை சிரிப்பு. தனியாக நடக்கக் கூடாது என்பது விதி. சாயந்திரம் குறித்த நேரத்தில் ரேடியோவில் கூப்பிட்டு இன்னார் இன்ன குடிலில் பத்திரம் என்று சொல்லியாக வேண்டும்.

பெண் பிள்ளைகள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று மாதத்துக்கு வேண்டியதைக் கணக்குப் போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் எடுத்துப் போங்கள். குப்பையை வெளியே எங்கும் போடக் கூடாது, குடிலிலிருந்து முதுகில் திரும்பி வரும். பழகிவிடும்.

உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா?

குழுவில் மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார், சின்ன சிகிச்சை அறை இருக்கும். அதற்கு மேல் என்றால் கப்பல் வர வேண்டும். கப்பல் எத்தனை நாள் என்று மேலே சொன்னேன், அதுவும் கப்பல் கிளம்பத் தயாராக இருந்தால். ஹெலிகாப்டருக்கு எட்டாத தூரம். அதனால்தான் போகுமுன்பே பல் முதல் மனநிலைவரை சோதித்து அனுப்புகிறார்கள். சொத்தைப் பல்லோடு யாரும் ஏற முடியாது.

எனக்கு ஆகஸ்டில் முழங்கால் பிசகியது. சேற்றுக்குள் கால், உடம்பு மட்டும் முன்னால். இரண்டு வாரம் கட்டிடத்திலேயே இருந்து மற்றவர்கள் கொண்டுவந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அந்த வருஷத்தில் நான் அழுதது இரண்டு தடவை, அதில் ஒன்று அப்போது. மற்றது பின்னால் வருகிறது.

ஆம்பளைப் பசங்களோட ஒரு வருஷமா? உங்க அப்பா எப்படி விட்டாரு?

அப்பா விடவில்லை, நான் போனேன். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் கூட்டத்தில் பதில் சொல்வதில்லை. ஆனால் மகளை அனுப்ப யோசிக்கும் தாய்மார்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பூட்டக்கூடிய தனி அறை உண்டு, நடத்தை விதிகள் உண்டு. அதே சமயம் ஒருவரோடு பிணக்கு வந்தால் எழுந்து வேறு ஊருக்குப் போக முடியாது. அதே சாப்பாட்டு மேசை, அதே முகம், பதின்மூன்று மாதம். போகுமுன்பு யாரிடம் எப்படிப் புகார் சொல்வது, கரையில் அதைக் கேட்கப்போவது யார் என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். கேட்பது தப்பே இல்லை.

தனியா இருந்து பைத்தியம் பிடிக்கலையா?

தனியாக இருந்தால்தானே! மேசையைப் பற்றி இப்போதுதான் சொன்னேன். ஒருவர் கரண்டியால் கோப்பையைத் தட்டும் சத்தம் ஜூலை வாக்கில் மண்டைக்குள் இறங்கிவிடும். அவருக்கு என் இருமல் அப்படித்தான் இருந்திருக்கும். ஜூன் 21 அன்று நடுக்குளிர்கால விருந்து வைப்பார்கள். எல்லா நிலையங்களிலும் உண்டு. இனி பகல் நீளும் என்று கொண்டாட்டம், மறுநாள் வீட்டுக்குப் போக இன்னும் பத்து மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்று சுருண்டு படுத்தல்.

எனக்குக் கை கொடுத்தது கில்டால்கி வளைகுடா. அங்கே கிங் பெங்குயின்கள் பல ஆயிரக்கணக்கில் நிற்கும். கூடு கட்டாது, முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து வயிற்று மடிப்பால் மூடிக்கொள்ளும். ஒரு குஞ்சு வளர்த்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆவதால் எந்த மாதம் போனாலும் அங்கே யாராவது இருப்பார்கள். கடலிலிருந்து வரும் தாய் அத்தனை இரைச்சலில் ஒரு குரல் கொடுக்கும். எங்கேயோ ஒரு பழுப்புக் குஞ்சு நிமிரும். நம் கோவில் திருவிழாவில் காணாமல்போன பிள்ளையை மைக்கில் கூப்பிடுவது மாதிரி, மைக் இல்லாமல்.

இதுக்கு என்ன படிக்கணும்? சம்பளம் வருமா அக்கா?

விலங்கியல், கடல் உயிரியல், சூழலியல் ஏதாவது ஒன்றில் பட்டம், முடிந்தால் ஹானர்ஸ். பிரிட்டோரியா, கேப் டவுன், நெல்சன் மண்டேலா, ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். களப்பணிக்கு ஆள் எடுக்கும்போது விளம்பரம் வரும். மதிப்பெண்ணைவிட மழையில் நடந்த அனுபவத்தைக் கேட்பார்கள். டிராக்கன்ஸ்பர்க் மலையில் நாலு நாள் மூட்டை தூக்கி நடந்துபார், அப்புறம் விண்ணப்பம் போடு. உயிரியல் பிடிக்காதா? டீசல் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வானிலைக்காரர் எல்லாரும் அந்தக் குழுவில் உண்டு.

ஒப்பந்தச் சம்பளம் வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் செலவழிக்க அங்கே கடை இல்லை.

குட்டி சாகும்போது காப்பாத்தாம சும்மா பார்த்துக்கிட்டா இருந்தே? மனசு வந்துச்சா?

யானை சீல் குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ 40 கிலோ, கன்னங்கரேல் என்று இருக்கும். தாய் ஒன்றும் தின்னாமல் மூன்று வாரம் பால் கொடுத்து அதை 120 கிலோ அளவுக்கு ஏற்றிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அந்த மூன்று வாரத்துக்குள் பெரிய அலையடித்தால் குட்டி தாயை விட்டுப் பிரிந்துவிடும். வேறு தாயிடம் போனால் கடி வாங்கும்.

அக்டோபரில் அப்படி ஒன்று என் பின்னால் வந்தது. தோல் தொளதொளவென்று, மண்டை மட்டும் பெரிதாக. நான் குந்தியதும் என் கம்பூட் முனையை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. ரப்பருக்குள் என் கால் விரலில் அந்த இழுப்பு தெரிந்தது. குறிப்பேட்டில் தேதி, கடற்கரை, “தாயில்லை, மெலிவு” என்று எழுதிவிட்டுக் காலை உருவிக்கொண்டேன். அடுத்த வாரம் அதே இடத்தில் ஸ்கூவாக்கள் கூடியிருந்தன. அதையும் எழுதினேன்.

ஊட்டப் பால் கிடையாது, இருந்தாலும் ஊட்ட அனுமதி கிடையாது. நாங்கள் காப்பாற்றிய குட்டிகளையும் சேர்த்து எண்ணினால் கடல் எப்படி இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. மனிதன் செய்த வினை என்றால் கதை வேறு: கழுத்தில் மீன்வலையோ நைலான் கயிறோ இறுக்கிய சீலைப் பார்த்தால் பிடித்து அறுத்துவிடுவோம். இந்த வித்தியாசம் எனக்குப் புத்தியில் ஏறியது. விரலில் ஏறவில்லை.

எலியைக் கொல்லப் போறாங்களாமே, பாவம் இல்லையா?

மாமி சுத்த சைவம், நியாயமான கேள்வி. கதையை முழுக்கக் கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக் கப்பல்களோடு சுண்டெலி வந்தது. 1949-ல் நிலையத்து எலியைப் பிடிக்க ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977-ல் பூனைகள் 3,400 அளவுக்குப் பெருகிவிட்டன. எலியைவிட வளையில் தூங்கும் கடல்பறவை பிடிக்க லேசு. வருஷத்துக்கு நாலரை லட்சம் பறவைகள் போயின. பூனைக்கு நோய்க்கிருமி விட்டு, மிஞ்சியதை இரவில் சுட்டு, 1991-ல் கடைசிப் பூனை போனது. எலிக்கு எதிரி இல்லை, தீவும் வெப்பமாகிறது, எலி பெருகிவிட்டது. 2003-ல் முதல் தடவையாக அல்பட்ராஸ் என்ற கடல்பறவையின் குஞ்சை எலி கடித்ததைப் பார்த்தார்கள்.

வாண்டரிங் அல்பட்ராஸ் சிறகை விரித்தால் மூன்று மீட்டருக்கு மேல். இரண்டு வருஷத்துக்கு ஒரே முட்டை. உலகத்தில் உள்ளவற்றில் நாலில் ஒரு பங்கு மேரியனில் முட்டையிடுகிறது. குஞ்சு குளிர்காலம் முழுக்கக் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். தரையில் ஊர்ந்து வரும் எதிரியை அதன் குலம் கண்டதே இல்லை. நான் பார்த்தது ஒரு ஜூலைக் காலை: வாத்தைவிடப் பெரிய வெள்ளைக் குஞ்சு, பின்முதுகில் கையளவு சிவப்பு. எலி இரவில் ஏறி உயிரோடு தின்றிருக்கிறது. குஞ்சு விலகவில்லை, எழவில்லை, என்னைப் பார்த்து அலகைத் தட்டி எச்சரித்தது. 2023-ல் வளர்ந்த பறவையையே எலி கொன்றதைக் கண்டார்கள்.

தீவு முழுக்க ஹெலிகாப்டரிலிருந்து விஷ உருண்டை போடுவதுதான் திட்டம். ஒரு ஜோடி தப்பினாலும் எல்லாம் வீண், அதனால் ஓர் அடி நிலம்கூட விடுபடக் கூடாது. தெற்கு ஜார்ஜியா தீவில் இப்படிச் செய்து 2018-ல் எலி ஒழிந்ததாக அறிவித்தார்கள். விஷத்தால் சில ஸ்கூவாக்களும் கடற்காகங்களும் சாகும் என்பதையும் மறைக்கவில்லை. பாவமா என்றால், பாவம்தான். கொண்டுவந்தது நாம். அந்தக் குஞ்சின் முதுகைப் பார்த்த பிறகு எந்தப் பாவத்தை ஏற்பது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. மாமி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டுல ஏதாவது நடந்தா எப்படித் தெரியும்? வர முடியாதுல்ல?

தெரியும். வர முடியாது. அதுதான் கஷ்டம்.

2021 ஜூலை 9 தொடங்கி இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னாள் ஜனாதிபதி ஜூமா சிறைக்குப் போனதை ஒட்டிக் கலவரம் வெடித்தது. கடைகள் சூறையாடப்பட்டன, கிடங்குகள் எரிந்தன, நாட்டில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் பீனிக்ஸில் மட்டும் 36 பேர். அதைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறோம். அப்பா தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு ராத்திரி முழுக்க நின்றார். நான் சூடான கட்டிடத்தில், நிறைந்த ஃப்ரீசரோடு, நாட்டிலேயே பத்திரமான இடத்தில் உட்கார்ந்து, படம் திறக்காத இணையத்தில் இரண்டு வரிச் செய்திக்குக் காத்திருந்தேன்.

என் குழுவில் ஒரு ஜூலு பெண் இருந்தாள். அவள் அம்மா வீடு இனாண்டாவில், பீனிக்ஸுக்கு அடுத்த ஊர், கறுப்பின மக்கள் வாழும் இடம். இருவரும் ஒரே சோபாவில், கையில் ஃபோன். என் வீட்டிலிருந்து வந்த செய்தியில் “அவங்க வர்றாங்க” என்று இருந்தது. அவள் வீட்டிலிருந்து வந்ததிலும் அதுவேதான் இருந்திருக்க வேண்டும். நான் காட்டவில்லை, அவளும் காட்டவில்லை. அன்று சமையல் முறை அவளுடையது. எழுந்துபோய் சாம்ப் (உடைத்த மக்காச்சோளம்) வேகவைத்தாள், நான் கூடப் போய் வெங்காயம் நறுக்கினேன். டின் வெங்காயம்தான், அது கண்ணை எரிக்காது. முழங்கால் கதையில் சொன்ன மற்ற அழுகை இங்கேதான், அவளும் சேர்ந்து. இரண்டு வீட்டாரும் பத்திரம் என்று மறுநாள் தெரிந்தது. அதன் பிறகும் அந்தச் செய்திகளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இப்போதும் தீபாவளிக்கு வருவாள், அப்பா அவளுக்குப் பலகாரம் கட்டிக் கொடுப்பார்.

2022 ஏப்ரலில் டர்பனில் வெள்ளம் வந்து நானூறு பேருக்கு மேல் போனபோதும் நான் கரையில் இல்லை. “அங்க உனக்குப் பயமா இல்லையா?” என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

பறவைக் காய்ச்சல் அங்கயும் வந்துடுச்சாமே?

வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் ஒரு பழுப்பு ஸ்கூவாவில் முதல் சந்தேகம். அப்புறம் பெங்குயின், அல்பட்ராஸ் குஞ்சு, யானை சீல் குட்டி. அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் 2023-ல் ஒரே பருவத்தில் 17,000 யானை சீல் குட்டிகள் செத்தன. அந்தப் படங்களைப் பார்த்திருந்ததால் மேரியன் செய்தி வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. குட்டி சாவதைப் பார்ப்பது பற்றி மேலே எழுதியதை, இப்போது அங்கே இருப்பவர்கள் கடற்கரை கடற்கரையாகச் செய்கிறார்கள். முகமூடி, கையுறை, பூட்ஸுக்கு மருந்துத் தண்ணீர். எண்ணுவதை நிறுத்தவில்லை.

மறுபடி கூப்பிட்டா போவியா?

போவேன். ஆயாவுக்கு மட்டும் இதைப் படித்துக் காட்டும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிவிடுங்கள்.

2021 நவம்பரில் நான் டேக் போட்ட குட்டிகளில் ஒரு பெண்ணுக்கு நான் தனியாகப் பெயர் வைத்திருந்தேன். வைக்கக் கூடாது, வைத்தேன். அந்த வருஷம் பிறந்த பெண்கள் இப்போது முதல் குட்டி போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். தீவில் இருக்கும் சீல் குழுவிலிருந்து ஒரு தோழி அவ்வப்போது தென்பட்ட எண்களின் பட்டியலை அனுப்புகிறாள். என் பென்சில் எழுத்தில் இருந்த அந்த எண்ணை விரலை ஓட்டித் தேடுகிறேன். போன பட்டியலில் அதற்கு முந்தைய எண் இருந்தது, அடுத்த எண்ணும் இருந்தது.